வழிவழி அறிவும் திட்டம் வகுப்போர் கடனும்

ஒரு பொருளை உள்ளவாறு அறிதற்குக் கருவியாவது அளவை. அவ்வளவையைப் பலவாக விரித்தாரும் உளர். ஒன்றாகச் சுருக்கினாரும் உளர். சைவசித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என மூன்றாகக் கொண்டு, ஏனையவற்றை அவற்றுள் அடக்குவர். காட்சி ஒன்றே அளவை என்பார் உலகாயதர். அவர்தங் கொள்கை நூல்களில் மறுக்கப்பட்டுப் பன்னூறாண்டுகள் கழிந்தனவாயினும், அஃது உலகினின்றும் முற்ற நீங்கிற்றில்லை. ஆறு, காடு, மலை, வயல் என்னும் இவற்றைப் பற்றித் திட்டம் வகுக்கும் அவைகளில் அது வேறோர் உருவங்கொண்டு இன்றும் வீற்றிருக்கின்றது. அளவுகோலால் அளந்து ஏட்டிற் பதிந்தது மட்டுமே அறிவு, அந்நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார் உரைப்பது வெறும் வழக்கம் என்பதே அவ்வுருவமாம். இக்கருத்துப் பொருந்துமா என்பதும், அம்மக்களது அறிவையும் அவ்வறிவுக்கு நிலைக்களமாகிய உலக நோக்கையும் திட்டம் வகுப்போர் எவ்வாறு கொள்ளல் வேண்டும் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

பொதுவகையான் வாதிடுதலினும் நிகழ்ந்ததொன்றை எடுத்து நோக்குதல் தெளிவு பயக்கும். இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டு இந்தோனேசிய நாட்டைச் சார்ந்த பாலித் தீவு. சாவகத்தின் கிழக்கே எரிமலைகளால் ஆக்கப்பெற்றுக் கிடக்கும் அத்தீவு சைவ உலகத்திற்கு முற்றும் அயலதன்று. ஆண்டை அந்தணரது சமயக்கொள்கை சிவசித்தாந்தம் என்னும் பெயரானே வழங்குகின்றது; பழஞ்சாவக மொழியிலமைந்த விருகஸ்பதி தத்துவம் முதலிய சைவ நூல்கள் ஆண்டுப் போற்றப்படுகின்றன. தமிழ்நாட்டுச் சித்தாந்தமும் அதுவும் எல்லாவற்றானும் ஒன்றென்னல் கூடாதாயினும், சிவபரம்பொருளைத் தலைமையாகக் கொள்ளுதலின் உறவுடையன. அவ்வந்தணர் காலைதோறுஞ் சூரிய சேவனம் புரிந்து, தம்மைச் சிவமாகப் பாவித்து, நீரைத் தீர்த்தமாக்குவர். தீர்த்தமே வழிபாட்டின் நடுவாக நிற்றலின் அச்சமயத்திற்குத் தீர்த்தச் சமயம் என்றும் ஒரு பெயருண்டு. நீரைத் தெய்வத்தின் கொடையாகப் போற்றும் அம்மக்கள், அந்நீரைப் பங்கிடும் முறையையும் வழிபாட்டோடே பிணைத்து அமைத்தனர்.

பாலியின் ஆறுகள் ஆழ்ந்த பள்ளங்களில் ஓடுவன. ஆதலின் உழவர் ஆற்றின் குறுக்கே சிற்றணை கட்டி, பாறையைக் குடைந்த சுரங்கங்கள் வழியாகவும் கால்வாய்கள் வழியாகவும் நீரைக் கொணர்ந்து, மலைச்சரிவிற் படிப்படியாக அமைந்த வயல்களுக்குப் பாய்ச்சுவர். ஒரு வாய்க்காலால் நீர் பெறும் உழவர் எல்லாருங் கூடிய கூட்டம் சுபாக் எனப்படும். இக்கூட்டங்களைப் பற்றிய குறிப்பு 11-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே காணப்படுகின்றது. வயலுக்கு நீர் புகும் மடையருகே ஒரு சிறு பலிபீடம். சுபாக் முழுமைக்கும் ஒரு கோயில். ஓரணையினின்று நீர் கொள்ளும் பல சுபாக்குகளுக்கும் பொதுவாக ஒரு கோயில். இவற்றிற்கெல்லாம் மேலாக, பத்தூர் மலையின் ஏரிக்குத் தலைவியாகிய தேவி தானுவின் கோயில்: இவ்வாறு நீர் செல்லும் வழி எதுவோ அதுவே வழிபாடு செல்லும் வழியாகவும் உள்ளது. 1926-ஆம் ஆண்டில் அம்மலை நெருப்பைக் கக்கிப் பத்தூர்க் கோயிலையும் ஊரையும் அழித்தபோது, மக்கள் மலைவிளிம்பின் மேலேறி ஆண்டு மீளவும் கோயிலெடுத்தனர்.

இக்கோயில்களில் விழா மட்டும் நிகழ்வதன்று. எந்தச் சுபாக் எந்நாளில் நாற்று நடுவது, எந்நாளில் அறுப்பது, எவ்வளவு காலம் வயலைப் பயிரின்றி விடுவது என்பனவெல்லாம் ஆண்டுக் கூடிய உழவரால் ஆராய்ந்து முடிவு செய்யப்படும். 210 நாட்களைக் கொண்டதும், ஒருநாள் வாரம் முதற் பத்துநாள் வாரம் ஈறாகப் பத்துவகை வாரங்கள் ஒருங்கு நடைபெறுவதுமாகிய ஒரு பஞ்சாங்கம் அவர்க்குத் துணை. இம்முறையினால் விளையும் பயன் இரண்டு. எல்லாரும் ஒரேநாளில் நட்டால் நீர் போதாது. ஆதலின் முறை வைத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் தாந்தாம் வேண்டிய நாளில் நட்டால் ஓரிடத்து அறுவடை முடிந்ததும் பூச்சிகள் அண்டை வயலின் பசும்பயிருக்குப் பெயர்ந்து பெருகும். ஆதலின் பரந்த நிலப்பகுதி முழுதும் ஒருங்கே பயிரொழிந்து நிற்றல் வேண்டும். அவ்வொழிவுக் காலத்தில் வயலில் வாத்துகளை விடுவர். அவை சிந்திய நெல்லையும் பூச்சிகளையும் உண்டு நிலத்திற்கு எருவும் இடும். நீர்ப்பங்கீடும் பூச்சித் தடுப்பும் ஒன்றற்கொன்று மாறாய் இழுக்கும் இருவேறு தேவைகள். அவ்விரண்டிற்கும் நடுவே பொருந்திய அளவைக் கண்டு காப்பதே அக்கோயில் முறையின் உட்கிடை.

1970-ஆம் ஆண்டையடுத்த காலத்தில் இம்முறைக்கு ஓர் இடர் நேர்ந்தது. பிலிப்பைன் நாட்டு நெல்லாராய்ச்சி நிலையம் 1966-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.ஆர். 8 முதலிய குறுகியகால நெல்வகைகளை, செயற்கை உரத்தோடும் பூச்சிமருந்தோடும் இந்தோனேசிய அரசியலார் நாடெங்கும் பரப்பினர். அவர் நோக்கம் இழிந்ததன்று. பெருகிவரும் மக்களுக்கு உணவு போதாமல் அயல்நாட்டு அரிசியை மிகுதியாக வாங்கிவந்த அரசுக்குப் பசி நீக்குதல் தலைக்கடனேயாம். ஆயினும், கோயிலின் நாட்கணக்கைப் பாராது இயன்ற அளவு இடையறாமற் பயிரிடுக என்று உழவர் ஏவப்பட்டனர். முதற்கண் விளைச்சல் மிகுந்தது. பின்னர் நீர்முறை குலைந்தது. ஒழிவுக் காலம் அற்றது. பயிர் என்றும் நிற்கவே பூச்சியும் என்றும் நின்றது. புகையான் என்னும் பூச்சி நெல்லை அழித்தது. அதனைத் தாங்கும் ஐ.ஆர். 36 என்னும் வேறொரு நெல் வந்தது; அதனைத் துங்ரோ என்னும் நோய் பற்றியது. மருந்து தெளிக்குந்தோறும் தீமை செய்யும் பூச்சியோடு அதனை உண்ணும் நன்மைப் பூச்சியும் மடிந்தது. இக்கேடு நாடு முழுவதும் உணரப்பட்டமையின், 1986-ஆம் ஆண்டில் இந்தோனேசியக் குடியரசுத் தலைவர் நெல்வயலில் 57 வகைப் பூச்சிமருந்துகளை வழங்கலாகாதென ஆணை பிறப்பித்தனர்.

நீர்த்துறையிலும் இவ்வாறே நிகழ்ந்தது. ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியால் 1979-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாலி நீர்ப்பாசனத் திட்டத்தில் பழைய அணைகள் புதுக்கப்பட்டன. நீரளக்கும் கதவுகள் பொருத்தப்பட்டன. சுபாக் உழவர் தொன்றுதொட்டு வழங்கிய நீர்ப்பகுப்பான் மிக எளியது. ஒரு மரத்துண்டில் பங்கிற்கேற்ற அகலமுடைய பள்ளங்களை வெட்டி வாய்க்காலின் குறுக்கே வைப்பர். நீர் மிகினும் குறையினும் பங்கு மாறாது. அது சரியாயுள்ளதா என்பதைச் சிறுவனும் கண்டறியலாம். புதிய கதவோ அட்டவணை கொண்டு அளந்து திறக்கவேண்டுவது. திறப்பவனை நம்பியே ஏனையோர் இருத்தல் வேண்டும். உழவர் பலவிடத்தும் அக்கதவுகளைக் கழற்றிவிட்டனர். பூசாரியரும் உழவரும் ஒழிவுக் காலம் மீளவேண்டுமென முறையிட்டபோது, அது மாற்றத்தை வெறுக்கும் பழமைப் பற்றென்று தள்ளப்பட்டது. ஆயினும் 1988-ஆம் ஆண்டில் அவ்வங்கியே தன் திட்டத்தைத் திரும்ப நோக்கி எழுதிய அறிக்கையில், பழைய முறையின் சிறப்பை உணராமையால் நேர்ந்த இழப்புப் பெரிதென ஒப்புக்கொண்டது.

ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடநூல் அறிஞரும், ஜேம்ஸ் கிரெமர் என்னும் உயிர்ச்சூழல்நூல் அறிஞரும் சேர்ந்து, ஓஸ், பெதானு என்னும் ஈராறுகளைச் சார்ந்த 172 சுபாக்குகளின் நீரையும் பயிரையும் பூச்சியையும் கணிப்பொறியில் அமைத்துக் கணக்கிட்டனர். ஒவ்வொரு சுபாக்கும் தனித்தனியே நடும் நிலையில் பூச்சியால் விளைவு குன்றிற்று. எல்லாச் சுபாக்குகளும் ஒருங்கே நடும் நிலையில் நீர்க்குறையால் விளைவு குன்றிற்று. நீர்க்கோயில்கள் வகுத்திருந்த கூட்டங்களை ஒத்த நிலையிலேயே விளைவு மிகுந்தது. இம்முடிவு 1993-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இனி, திட்டம் வகுத்தோர் பிழைத்தது எவ்விடத்து என்பது ஆராயத்தக்கது. அவர் கல்லாதவரல்லர், வஞ்சகருமல்லர். கோயிலை அவர் கண்டனர். ஆனால் கோயிலென்னும் அளவிலே கண்டனர். அஃது ஒரு நீர்த்துறை அலுவற் களமுமாம் என்பதைக் கண்டிலர். பொருளின் இருப்பு மட்டும் தோன்றி, அதன் பெயர், சாதி, குணம், கன்மம் என்னும் வேறுபாடுகள் விளங்காது நிற்கும் காட்சியை நிருவிகற்பம் என்றும், அவை விளங்கிநிற்பதைச் சவிகற்பம் என்றும் அளவை நூலார் பகுப்பர். பொறியாளர் கண்ட கோயிற்காட்சி நிருவிகற்பத்தின் மட்டில் நின்றதொன்றை ஒத்தது. அதனைச் சவிகற்பமாக்குதற்கு வேண்டியது புதிய கருவியன்று; ஆண்டுள்ளாரை வினாவுதலே. வினாவாமைக்குக் காரணம், அறிய வேண்டுவன யாவும் தம்பால் உள என்னும் எண்ணம். தன்னறியாமை தனக்குத் தோன்றாமல் மறைத்து நிற்றல் ஆணவத்தின் இயல்பு என நூல்கள் கூறுவது துறவியர்க்கு மட்டும் உரியதன்று. திட்டம் வகுக்கும் அவையினர்க்கும் உரியதேயாம்.

உரையளவை வலியுடையதாவது, உரைப்பான் பொருளை உள்ளவாறு உணர்ந்தவனும் வஞ்சியாதவனும் ஆயவிடத்து. இறைவனது உரையாகிய ஆகமத்தின் பெருமை வேறு. அதனோடு மக்களுரையை ஒப்பவைத்தல் ஈண்டுக் கருத்தன்று. ஆயினும் உலகியற் பொருள்களில், அவற்றிற் பழகி உணர்ந்து மெய் கூறுவான் உரை கொள்ளத்தக்கது என்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. ஓர் ஓடையின் நீர் எத்திங்களில் எம்மட்டில் நிற்கும் என்பதை அதன் கரையிலே பிறந்து, தந்தைபாற் கேட்டு, தன் வயிற்றையே அதன்மேல் வைத்து வாழ்பவனினும் நன்கறிந்தார் யாவர்? அவன் பொய்யறிவு கொண்டால் அவன் மக்களே பட்டினி கிடப்பர். இத்தகைய தேர்வு எக்கழகத் தேர்வினும் கடியது. ஆதலின், நிலத்து மக்களுரை அந்நிலத்தைப் பொறுத்தமட்டில் அளவையாகும் தகுதி உடையதென்க.

அற்றேல், பழையன யாவும் கொள்ளத்தக்கனவோ எனின், அன்று. வழிவழி வந்தமை ஒன்றே மெய்ம்மைக்குச் சான்றாகாது. உரையும் காட்சியோடும் கருதலோடும் முரணாது நிற்றல் வேண்டும். பிறவுயிர்க்குத் துன்பமும் பிறர்க்கு இழிவும் பயக்கும் வழக்கம் பழமையால் அறமாகிவிடாது. பாலி உழவரும் பழமையென்றே பற்றினாரல்லர். நீர் குறைந்தாலும் பூச்சி மிகுந்தாலும் அவர் கோயிலிற் கூடி நாட்களை மாற்றியமைப்பர். பழைய ஒழிவு முறைக்கு மீண்ட பின்னரும் புதிய குறுகியகால நெல்லைப் பலர் விட்டிலர். அதனைப் பழைய ஒழுங்கினுள் அமைத்துக்கொண்டனர். ஆதலின் ஈண்டு எதிர்த்து நின்றவை பழமையும் புதுமையும் அல்ல; கேட்டு வகுத்தலும் கேளாது வகுத்தலுமேயாம்.

மற்றொரு சாரார் கூறுவர்: அம்மக்களிடமுள்ள பயனுடைய செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வோம், தெய்வம், பூசை என்பவற்றை விட்டுவிடுவோம், நடும் நாளைக் கணிப்பொறியே கூறட்டும், கோயில் எற்றுக்கு என்று. கேட்டற்கு இனிதாயினும் இதுவும் பொருந்தாது. நாளை அறிதல் வேறு. அறிந்தவாறு ஒழுகுதல் வேறு. தலைமடையிலிருப்பவன் நீரைத் தன் விருப்பம்போற் கொள்ளவல்லவன். கடைமடையிலிருப்பவனோ அவன் விட்டதையே பெறுவான். கடைமடையான் உடன்பட்டு ஒழிவு காவாதொழியின் பூச்சி தலைமடைக்கும் ஏறும் என்பது உண்மையேயாயினும், அவ்வறிவு ஒன்றே ஒருவனை ஒவ்வொரு போகத்திலும் தன் வயலைத் தரிசாக விடச்செய்யுமா? நீர் தனக்குரியதன்று, தேவி தானுவினது. தான் அதனைப் பெற்று வழிவிடுவான் என்னும் உணர்வே அவன் கையை மடையினின்றும் விலக்குவது. ஒரு கோயிலின் தீர்த்தத்தைப் பங்கிட்டுக் கொள்வார் அதே முறையில் ஆற்றுநீரையும் பங்கிட்டுக் கொள்வர். எனவே உலக நோக்கு அறிவின்மேற் போர்த்த போர்வையன்று. அவ்வறிவு ஒழுக்கமாதற்கு உயிராவது. உயிரைக் களைந்து உடலைக் கொணர்வார் கொணர்வது பிணமேயன்றோ!

இதனினும் நுண்ணியதொரு வினா எஞ்சி நிற்கின்றது. கணிப்பொறி கோயிலின் பக்கம் நின்று சான்று கூறிற்று; அதனால் உலகம் கோயிலை மதித்தது. அது மாறாகக் கூறியிருப்பின் அம்மக்களை வினாவாது விடுதல் முறையாகியிருக்குமோ? பயன் தருதலானே ஒருவர் சொல்லைக் கேட்டல் வேண்டுமெனின், பயன் தோன்றாதவிடத்து அவரை அவையினின்றும் நீக்கலாம் என்பது பெறப்படும். இஃது அறமன்று. நீரும் நிலமும் யாருடைய வாழ்வைத் தாங்குகின்றனவோ, யாருடைய வழிபாட்டிற்கு இடமாகின்றனவோ, அவர் அவற்றைப் பற்றிய முடிவிற் குரலுடையராதல் அவர்தம் அறிவின் பயனால் வந்ததன்று. உயிர்கள் என்னும் இயல்பானே வந்தது. அறிவுடைமை அவர் சொல்லை ஆராய்ந்து கொள்ளுதற்குக் காரணம். உயிருடைமை அவரைக் கேட்டற்குக் காரணம். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குதல் கூடாது.

இவ்வேறுபாட்டை ஒரிசா நாட்டு நியமகிரியில் நிகழ்ந்தது நன்கு விளக்கும். அம்மலையின் உச்சியை நியமராஜா என்னும் தெய்வத்தின் உறைவிடமாகக் கொண்டு வழிபடுவோர் தோங்கிரியா கோந்தர் என்னும் மலைக்குடியினர். ஆண்டுப் பாக்சைட்டுக் கனி தோண்டக் கருதிய வழக்கில், 2013-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் இந்திய உச்சநீதிமன்றம், அம்மக்களது வழிபாட்டுரிமை அதனாற் பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே ஆராய்ந்துரைக்கட்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டிற் கூடிய 12 கிராம சபைகளும் கனித்திட்டத்தை மறுத்தன. அதன்மேல் 2014-ஆம் ஆண்டில் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகமும் இசைவு மறுத்தது. ஈண்டு அம்மக்களின் நம்பிக்கை விளைச்சலைப் பெருக்குமா என்று எக்கணிப்பொறியும் வினவப்படவில்லை. இம்மலை உங்களுக்கு யாது என்று அவரே வினவப்பட்டனர். அதுவே அவ்வழக்கின் சிறப்பு.

இவற்றான் திட்டம் வகுப்போர் கடன் இவையென்பது பெறப்படும். வரைபடம் முடிந்தபின் கையொப்பம் பெறுதற்குச் செல்லாது, கோடு ஒன்றும் இழுக்குமுன்னரே அந்நிலத்து மக்களை அவர்தம் மொழியில், அவர் கூடும் மன்றத்திற் சென்று வினாவுதல் ஒன்று. அவர் உரைத்ததைத் தம் அளவைகளோடு ஒப்பவைத்து ஆராய்ந்து, தம்முடையதையும் அவர் ஆராயுமாறு திறந்து வைத்தல் இரண்டு. இசைதற்குப் போலவே மறுத்தற்கும் அவர்க்கு உரிமை உண்டெனக் கொள்ளுதல் மூன்று. அவரிடம் பெற்ற அறிவால் வரும் ஊதியத்தில் அவர்க்குப் பங்களித்தல் நான்கு. ஐக்கிய நாடுகள் சபை 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட பழங்குடி மக்கள் உரிமைச் சாற்றுதல், முன்னரே அறிவித்து வற்புறுத்தலின்றிப் பெறும் இசைவை வலியுறுத்துகின்றது. நியூசிலாந்து 2017-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால் வாங்கனூயி ஆற்றைச் சட்டத்தின்முன் ஓர் ஆளாக ஏற்று, அதன்பொருட்டுப் பேச இருவரை நிறுவியது. ஒருவர் அவ்வாற்றங்கரை மாவோரிக் குடிகளால் நியமிக்கப்படுபவர், மற்றவர் அரசால் நியமிக்கப்படுபவர். ஆற்றைத் தம் மூதாதையாகக் கருதும் ஒரு குடியின் நோக்கு ஈண்டு வெறும் அடிக்குறிப்பாக நில்லாது சட்டமாகவே அமைந்தது.

இவை செய்யாது புகழுரை மட்டும் கூறுதல் போதாதென்பதற்கும் பாலியே சான்று. 2012-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சுபாக் வயல்களை உலகப் பாரம்பரிய இடங்களுட் சேர்த்துச் சிறப்பித்தது. அச்சிறப்பைக் காண வருவோர் பெருகினர். அவர்க்கு விடுதிகளும் வழிகளும் பெருகின. வயல்கள் விலையாகின்றன, வாய்க்கால்கள் இடையிலே துண்டாகின்றன, உழவர் மக்கள் உழவை விட்டு விடுதிப் பணிக்குச் செல்கின்றனர். அன்று அறியாமையால் ஒதுக்கப்பட்ட முறை இன்று போற்றப்பட்டுக்கொண்டே தேய்கின்றது. காட்சிப் பொருளாக வைத்தலும் அவையில் அமர்த்தலும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அறிவு பெருகுதலாவது தான் அறிந்ததன் எல்லையை அறிதல். அவ்வெல்லைக்கு அப்பால் நிற்பாரைக் கேட்டறிதல் இழிவன்று. அறிவின் முறையே அதுவாம். ஆற்றையும் மலையையும் ஆளக் கருதுவோர், அவற்றோடு வாழ்ந்தாரை முதற்கண் வினாவுக. அவர் கூறுவதை ஆராய்க; ஆராய்ந்து மாறுபடினும் அவரை அவையினின்றும் எழுப்பாதொழிக. கேளாது செய்யும் நன்மையும் கொடுமையாக முடியும் என்பதைப் பாலி உழவர் தம் வயல்களையே விலையாகக் கொடுத்து உலகத்திற்கு உணர்த்தினர். அவ்விலையை வேறொரு நிலத்து மக்கள் மீளவும் கொடுக்குமாறு விடுதல் அறிவுடையார்க்கும் அறமுடையார்க்கும் ஆகாது.